எட்டுக்கை நெஞ்சில் கத்தரிக்கோல்

மதியம் இரண்டு மணி இருக்கும். மேலாளர் அறைக்குள் தட்டோடு நுழைந்த டீக்கார அம்மா, தட்டைக் கீழே போட்டுவிட்டு அலறினாள். மொட்டைமாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையோடு படியிறங்கி ஓடிவந்தார்கள்.

சுழல் நாற்காலியில் எட்டுக்கை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நெஞ்சில் நீளமான கத்தரிக்கோல் ஒன்று கைப்பிடிவரை இறங்கியிருந்தது. வயிற்றிலிருந்து வழிந்த ரத்தம் தரைவிரிப்பில் குளம் கட்டியிருந்தது.

"ஐயையோ, ஒல்லியைக் கொன்னுட்டாங்களே!" என்றார் டைரக்டர்.

எட்டுக்கை யார் என்று சொல்லிவிடுகிறேன். மூடிக்கிடந்த ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தை வாடகைக்குப் பிடித்து அதில் ஒரு பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் வேலையை ஒருத்தனாகச் செய்து செத்துப்போன குமாஸ்தா, எட்டுக் கையோடு திரும்பிவந்து, லீவு தராத அதிகாரிகளை ஒவ்வொருவராக ஃபைல் அலமாரிக்குள் இழுத்துக்கொள்கிறான். அவ்வளவுதான் கதை. பட்ஜெட் எப்படி என்றால், மிருகத்தின் பற்களெல்லாம் ஐஸ்கிரீம் ஸ்பூன்கள். எட்டுக் கைகளில் இரண்டுதான் அசையும், மற்றவை மீன்பிடி நரம்பில் தொங்கும். ஆனால் அந்த முகம் இருக்கிறதே, அது வேறு சமாசாரம். வருஷக்கணக்காகத் தூங்காத கண்களோடு அது பார்த்தால், ரப்பர் என்று தெரிந்தவனும் ஓரடி பின்னால் போவான். அந்த ரப்பர் உடம்புக்குள் புகுந்து நடிக்கிறவன் ஒல்லி. அவன் உடம்பு வாகுக்கு அந்தப் பெயரைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது.

காவல் நிலையம் எதிர்ச்சாரியில்தான். இன்ஸ்பெக்டர் அம்மா ஏட்டையும் இழுத்துக்கொண்டு, வாக்கிங் போகிறவர்கள் வெட்கப்படும் வேகத்தில் தெருவைக் கடந்து வந்தார். அதற்குக் காரணம் உண்டு. அவரோடு ஒன்றாகப் பயிற்சி முடித்த தோழி குற்றப்பிரிவில் கொலைகாரர்களாகப் பிடித்துத் தள்ளிப் பேப்பரில் சிரித்துக்கொண்டிருந்தாள். இவருக்கு வாய்த்ததெல்லாம் காணாமல்போன சைக்கிளும் வாய்த்தகராறும்தான். போன வாரம் தோழியின் படத்துக்குப் பேனாவால் மீசை வரைந்துவிட்டு, யாரும் பார்க்கும் முன்பு பேப்பரைக் கசக்கி எறிந்திருந்தார். கொலை என்றதும் கால் பரபரத்ததை நாம் பெரிதுபடுத்த வேண்டாம்.

"ஏட்டு, முதுகுப் பக்கம் ஜிப் இருக்கு பாருங்க. மெதுவா."

ஏட்டு கண்ணை மூடிக்கொண்டு ஜிப்பை இழுத்தார். உள்ளே இருந்து வரவேற்பறை சோபாவின் மெத்தை ஒன்று எட்டிப்பார்த்தது. பிறகு இன்னொன்று. அதற்குப் பின்னால் கிழிந்த ரப்பர் பை, சிவப்புச் சாயம் சொட்டச் சொட்ட.

அந்த நேரம் பார்த்து, பின்பக்கத்து ரெக்கார்டு அறையின் கதவைத் திறந்துகொண்டு ஒல்லி வந்தான். இடுப்பில் துண்டு, முதுகெல்லாம் வெள்ளைக் களிம்பு.

"என்ன சத்தம்? டீ வந்துடுச்சா?"

டீக்கார அம்மா இரண்டாவது முறை அலறினாள். முதல் அலறலைவிட இது நன்றாக இருந்தது. டைரக்டர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹீரோ சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். கேமராமேன் மட்டும் சுவரில் முதுகைத் தேய்த்தபடி சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

'பாவம், இளகின மனசு' என்று நினைத்தார் ஏட்டு. இன்ஸ்பெக்டர் ஒன்றும் நினைக்கவில்லை, பார்த்துவைத்துக்கொண்டார். கொலை கைநழுவிப் போன வருத்தத்தில் இருந்தார் அவர்.

குளியலறையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்த ரப்பர் அக்கா அப்போதுதான் ஓடிவந்தாள். எட்டுக்கையை உருவாக்கியவள் அவள். ரப்பரும் பசையும் அவள் உடம்பில் ஊறிப்போனதால் எல்லோரும் வைத்த பெயர் அது. கேமராமேனின் மனைவி. கிழிசலைப் பார்த்ததும் பிள்ளைக்கு அடிபட்டதுபோல மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"இவன்தான் எட்டுக்கையா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அழுகையோடேயே அவள் திருத்தினாள். "இவன் இல்ல மேடம், இது. உள்ள ஆள் இல்லல்ல?"

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"எங்களுக்கு இருக்கு மேடம். உள்ள ஆள் இருந்தா 'அவன்'. இல்லன்னா 'அது'. 'அவன் வர்றான்'னா எல்லாரும் வழி விடணும், 'அது இருக்கு'ன்னா தூக்கி ஓரமா வைக்கலாம். ஷூட்டிங் ஆரம்பிச்ச புதுசுல ஒல்லி உள்ள இருக்கிறது தெரியாம லைட் ஸ்டாண்டை மேல சாச்சுட்டாங்க. தோள்பட்டை வீங்கிப்போச்சு. அன்னையிலேருந்து இந்தப் பேச்சு. டைரக்டர்கூட மாத்திச் சொல்லமாட்டாரு."

"யாரு சாச்சது?"

"எங்க வீட்டுக்காரர்தான். 'அது'ன்னு நெனச்சேன்னு சொல்லி, பாவம், ரெண்டு நாள் சரியாவே சாப்பிடல."

"சரி. இந்த மெத்தையெல்லாம்?"

அவள் டைரக்டரை ஓரக்கண்ணால் பார்த்தாள். விஷயம் இதுதான். ஒரு முறை உள்ளே போனால் பசையெல்லாம் பிரித்து வெளியே வர நேரம் பிடிக்கும் என்பதால், சாப்பாட்டு நேரத்தில்கூட ஒல்லியை வெளியே விடக்கூடாது என்று டைரக்டரின் உத்தரவு. அவனும் தினமும் மதியம் ஸ்ட்ராவில் ஜூஸ் குடித்துவிட்டு அந்த நாற்காலியிலேயே தூங்குவான். இரண்டு நாளாக மருந்து தடவியும் அடங்காத முதுகு அரிப்பு, இன்று தடிப்புத் தடிப்பாக வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு விட்டு எல்லோரும் அறையைக் காலி செய்ததும் ரப்பர் அக்கா அவனை ரகசியமாக வெளியே எடுத்து, மருந்து தடவி, ரெக்கார்டு அறையில் படுக்கவைத்தாள். டைரக்டர் எட்டிப்பார்த்தால் ஏமாறட்டும் என்று மெத்தையைத் திணித்து நாற்காலியில் சாய்த்துவைத்தாள்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான்," என்றான் ஒல்லி. "அக்கா எனக்காகப் பண்ணது மேடம். அவங்களைத் திட்டாதீங்க."

டைரக்டருக்கு மூக்கு விடைத்தது. "நான் சாப்பிடப் போறதுக்கு முன்னாடி எட்டிப் பார்த்தேனே! நல்லாத் தூங்கிட்டு இருந்தான்னு நெனச்சு, கதவைச் சத்தம் வராம சாத்திட்டுப் போனேன். மெத்தைக்கா அவ்வளவு மரியாதை பண்ணேன்!"

"சார், யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"எங்க யூனிட்ல பொறாமைக்குப் பஞ்சமே இல்ல மேடம். யாரைச் சொல்ல?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆனா இன்னைக்கு எனக்கு நேரமில்ல. பொழுது சாயறதுக்குள்ள கிளைமாக்ஸ் எடுக்கணும். இதோ, இந்த மூணாவது மாடி ஜன்னலுக்கு வெளிய எட்டுக்கை தொங்கணும். நாளைக்குக் கட்டிடத்தைக் காலி பண்ணணும்."

"தொங்கறதுன்னா? ஆளோடவா?"

"ஆளோடதான். பயப்படாதீங்க, கயிறு உண்டு. கயிறு கட்டுறது, லைட் போடறது, படம் பிடிக்கறது எல்லாம் எங்க கேமராமேன் ஒருத்தரேதான். பட்ஜெட் அப்படி."

ஹீரோவைக் கூப்பிட்டார்கள். வரும்போதே உம்மென்று வந்தான். ஏன் என்று கேட்டதும் கொட்டிவிட்டான்.

"போஸ்டர் பாத்தீங்களா மேடம்? சுவர் பூரா அந்த மூஞ்சி. நான் கீழ, தீப்பெட்டி சைஸ்ல. எங்க அம்மாவே எட்டுக்கை எப்படிப்பா இருக்குன்னுதான் கேக்குறாங்க. மகன் எப்படி இருக்கான்னு கேக்கல. வயித்தெரிச்சலா இருக்காதா?"

"அதனால குத்திட்டீங்க?"

"நானா? நானா இருந்தா நெஞ்சில ஏன் குத்தப்போறேன்? அந்த மூஞ்சியைல்ல கிழிச்சிருப்பேன்! எனக்குப் பகை அந்த மூஞ்சியோடதான்." அவன் எட்டுக்கையின் முகத்தைப் பார்த்து விரலை ஆட்டினான்.

ஒல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவரு எப்பவும் இப்படித்தான் மேடம். என்கிட்டப் பேசணும்னா மேல அந்த மூஞ்சியைப் பாத்துப் பேசுவாரு. அது என்னைவிட உயரம். என் மூஞ்சி அதோட நெஞ்சுக்கு நேராத்தான் வரும். அந்தக் கறுப்பு வலை இருக்கு பாருங்க, அது வழியாத்தான் நான் பாக்குறது, மூச்சு விடுறது எல்லாம்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். மொத்தம் மூன்று குத்து. வயிற்றில் ஒன்று, படத்துக்கு ரத்தம் காட்ட உள்ளே கட்டியிருந்த சாயப்பையைக் கிழித்திருந்தது. மற்ற இரண்டும் வலையில். தூங்காத கண்களோடு மேலே இருந்த முகத்தில் ஒரு கீறல் இல்லை.

"கத்தரிக்கோல் யாரோடது?"

"என்னோடதுதான்," என்றாள் ரப்பர் அக்கா. "பஞ்சு வெட்டறது. மேசை மேலேயே வெச்சிட்டுப் போயிருந்தேன்."

அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று ஏட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது, கேமராமேன் தானாகவே எழுந்து முன்னால் வந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. ஒரு மாதிரியான அசட்டுச் சிரிப்பும் இருந்தது.

"மேடம், யாரையும் கஷ்டப்படுத்த வேண்டாம். நான்தான்."

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"மூணு மாசமா இவ அது கூடத்தான் குடும்பம் நடத்தறா. காலையில எழுந்தா எட்டுக்கை, படுக்கப்போனா எட்டுக்கை. அதுக்குப் பல்லு, அதுக்குப் புருவம். வீட்டுக்கு வந்தா என்கிட்டப் பேச ஒரு வார்த்தை கிடையாது. நான் போடற லைட்டைப் பத்தி இந்த யூனிட்ல ஒருத்தர் வாயத் திறக்கறதில்ல. எல்லாரும் அதைத்தான் சுத்தி நின்னு புகழறாங்க. சிரிக்காதீங்க, ரப்பர் பொம்மை மேல எனக்குப் பொறாமை. இன்னைக்குச் சாப்பிட மேல போறப்ப இந்தப் பக்கமா வந்தேன். மேனேஜர் மாதிரி கால் நீட்டிச் சாஞ்சுகிட்டு இருந்தான். எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. மேசையில கத்தரிக்கோல் இருந்துச்சு. பொம்மைதானேன்னு ஆத்திரம் தீரக் குத்திட்டு மேல போய்ச் சாப்பிட உக்காந்துட்டேன். தப்புதான். கிழிஞ்சதைத் தைக்க நானும் கூட உக்காறேன்."

முதலில் சிரித்தது டைரக்டர். பிறகு ஹீரோ. பொறாமையில் தனக்கு ஒரு கூட்டாளி கிடைத்த சந்தோஷம் அவனுக்கு. ரப்பர் அக்கா கணவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படத்தான் நினைத்தாள். ஆனால் கண்ணில் வேறு ஏதோ வந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் தனக்காக ஒரு பொம்மையிடமாவது சண்டைக்குப் போனானே என்று மனதின் ஒரு மூலை குளிர்ந்ததை அவளால் மறைக்க முடியவில்லை.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள். அவ்வளவுதான்.

"விடுங்க மாமா," என்றான் ஒல்லி. அக்காவின் கணவர் என்பதால் அவனுக்கு அவர் மாமா. "தச்சா சரியாப் போயிடும். கயிறை மட்டும் நல்லா இறுக்கிக் கட்டுங்க."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்டா," என்று அவன் தோளைத் தட்டினார் கேமராமேன்.

"மேடம், வீட்டு விவகாரம், விட்டுடுங்க. புகாரெல்லாம் வேண்டாம்," என்றார் டைரக்டர்.

விடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கிழிந்த ரப்பருக்கு யாரைப் பிடித்து உள்ளே போடுவது? இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நாளைக் காலைப் பேப்பரில் தோழி மறுபடியும் சிரிப்பாள். மறுபடியும் பேனாவைத் தேட வேண்டியதுதான். மறுபடியும் மீசை.

படியில் இரண்டடி வைத்திருப்பார். உள்ளே டைரக்டர் கத்துவது கேட்டது.

"அவன் ரெடியா?"

"அவன் இல்ல சார், இன்னும் அதுதான். ஒல்லி உள்ள போகல," என்று ரப்பர் அக்காவின் குரல் பதில் சொன்னது.

இன்ஸ்பெக்டர் நின்றார். 'மீசை' என்று ஒரு தரம் முணுமுணுத்தார். பிறகு வந்த வேகத்தைவிட வேகமாகத் திரும்பினார்.

ரப்பர் அக்கா நெஞ்சுக் கிழிசலைத் தைக்கத் தொடங்கியிருந்தாள். ஒல்லி பக்கத்தில் ஸ்டூலில் காத்திருந்தான். ஜன்னலோரம் நின்று கேமராமேன் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கயிறைக் கீழ போடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஏன் மேடம்?"

"சும்மா போடுங்க. ஏட்டு, வாங்கிக்குங்க அதை." அவர் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தார். "ஒரு விஷயம் சொல்றேன், வெளிய சொல்லிடாதீங்க. எனக்கு ஒருத்தி மேல பொறாமை. பேப்பர்ல அவ படம் வந்தா என் பேனா நேரா அவ மூஞ்சிக்குத்தான் போகும். உங்க ஹீரோவும் அதைத்தான் சொன்னாரு, மூஞ்சியைக் கிழிச்சிருப்பேன்னு. பொறாமைக்குக் குறி மூஞ்சிதான். நீங்களும் பொறாமைதான்னு சொன்னீங்க. பொம்மை மேல. ஆனா அந்தப் பொம்மையோட மூஞ்சியை நீங்க தொடவே இல்ல."

"ஆத்திரத்துல கை போன இடத்துல குத்தினேன்."

"கை போன இடமா? வலை ஒரு சாண் அகலம்கூட இல்ல. ரெண்டு குத்து சரியா அதுலயே இறங்கியிருக்கு. அது யாரோட மூஞ்சி இருக்கிற இடம்?"

ஒல்லியின் கை மெதுவாகத் தன் கன்னத்துக்குப் போனது.

"இன்னொன்னு. நீங்க கதை சொல்றப்ப ரொம்ப ஜாக்கிரதையா 'அது, அது'ன்னுதான் சொல்லிட்டு வந்தீங்க. உள்ள நுழைஞ்ச இடத்துல மட்டும் மாறிப்போச்சு. 'கால் நீட்டிச் சாஞ்சுகிட்டு இருந்தான்'னீங்க. டைரக்டரும் 'தூங்கிட்டு இருந்தான்'னாரு. ஏன்னா அவரு ஏமாந்திருந்தாரு, உள்ள ஆள் இருக்குன்னு நம்பினாரு. நீங்களும் அதையேதான் நம்பியிருக்கீங்க."

"வாய் தவறி வந்துடுச்சு மேடம்."

"வாய் தவறலாம். கை தவறலையே? ஒல்லி உயிரோட வந்து நின்னதும் எல்லாரும் சிரிச்சாங்க, நீங்க மட்டும் தரையில சரிஞ்சீங்க. கொலை பண்ணிட்டோம்னு நெனச்சுகிட்டு மேல போய்ச் சாப்பிட உக்காந்தவருக்கு, கொலை பண்ணலன்னு அப்பதான் தெரிஞ்சுது. உடனே சின்னத் தப்பை ஒத்துகிட்டுப் பெருசை மறைச்சுட்டீங்க. லைட் ஸ்டாண்டைச் சாச்சப்பவும் 'அது'ன்னு நெனச்சேன்னுதானே சொன்னீங்க? ரெண்டாவது தடவையும் அதே சாக்கு. மூணாவது தடவைக்கு ஜன்னலும் கயிறும் இருக்கு."

"எனக்குத் தெரியும் மேடம்!" கேமராமேனின் குரல் உயர்ந்தது. "உள்ள ஆள் இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும். இவதான் சொன்னா. கேளுங்க. நீயே சொல்லு!"

எல்லோரும் ரப்பர் அக்காவைப் பார்த்தார்கள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இது கிழிந்த ரப்பர். புருஷன் வீட்டுக்கு வருவான். கிளைமாக்ஸ் நடக்கும், படம் வெளிவரும், மூன்று மாச உழைப்பை ஊரே பார்க்கும். 'இல்லை' என்றால் இதெல்லாம் இந்த அறையோடு முடிந்தது.

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் வலையைத் தாண்டி உள்ளே போய், காலையில் ஒல்லியின் நெற்றிக்கு உறுத்தாமல் இருக்க அவளே ஒட்டிவைத்த பஞ்சைத் தொட்டது. அந்தப் பஞ்சும் இரண்டாகக் கிழிந்திருந்தது.

"நான் சொல்லல," என்றாள். "யார்கிட்டயும் சொல்லல."

"காலையில அவன் முதுகைத் தடவினியே, கதவு இடுக்குல பாத்தேன்டி!" கேமராமேன் உடைந்துபோனார். "நேத்தும் தடவின."

"மருந்து."

"சிரிச்சுகிட்டே தடவின. என்கிட்ட எப்பவாவது அப்படிச் சிரிச்சிருக்கியா நீ?"

"மாமா, கூச்சத்துல நான்தான் துள்ளினேன், அதுக்குத்தான் அக்கா..." என்று ஆரம்பித்த ஒல்லி பாதியில் நிறுத்திவிட்டு, கிழிந்து தொங்கிய வலையைப் பார்த்தான்.

ரப்பர் அக்கா கணவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதையோ தேடுகிற பார்வை அது. தேடியது கிடைக்கவில்லை போலும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏட்டு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப, அவரைக் கூட்டிட்டுப் போயிடலாமாம்மா?"

"கூட்டிட்டுப் போங்க அதை," என்றாள் அவள்.

பழக்கதோஷத்தில் திருத்துவதற்காக டைரக்டர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ரப்பர் அக்கா ஊசியை எடுத்து நூல் கோக்க ஆரம்பித்தாள். நூல் உடனே நுழையவில்லை.